வெளிநாட்டில் தங்கி, இந்தியச் சம்பளத்தில் பணி: எந்த விசா பொருந்தும்? மும்பைத் தமிழர்கள் கவனிக்க வேண்டியவை

மும்பை: அலுவலகம் செல்லாமல் மடிக்கணினி வழியே பணிபுரியும் முறை கரோனா பெருந்தொற்றுக்குப் பின் நிலைபெற்றுவிட்ட நிலையில், அத்தகைய பணியாளர்கள் சில மாதங்களோ ஓராண்டோ தங்கிச் செல்வதற்கென்றே பல நாடுகள் தனி விசாக்களை அறிமுகம் செய்துள்ளன. தாய்லாந்து, மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், மோரீஷஸ், ஸ்பெயின் ஆகியவற்றின் திட்டங்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போரும் விண்ணப்பிக்கலாம்.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தகவல் தொழில்நுட்பம், கணக்கியல், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு போன்ற துறைகளில் வீட்டிலிருந்தே பணிபுரிவோருக்கு இந்த விசாக்கள் புதிய வாய்ப்பைத் தருகின்றன. ஆனால் விண்ணப்பத்தின் முடிவைத் தீர்மானிப்பவை வருமானச் சான்று, நிறுவனத்தின் கடிதம், எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரியாக எழுதப்பட்ட பெயர் ஆகிய மூன்றும்தான். கடைசியாகச் சொன்னது மும்பைத் தமிழர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலான சிக்கலைத் தருவது.

'டிஜிட்டல் நாடோடி விசா' என்றால் என்ன?

ஒரு நாட்டில் தங்கியிருந்தபடியே, அந்நாட்டுக்கு வெளியேயுள்ள நிறுவனத்துக்கோ வாடிக்கையாளர்களுக்கோ இணையம் வழியாகப் பணிபுரிய அளிக்கப்படும் அனுமதியே டிஜிட்டல் நாடோடி விசா எனப்படுகிறது. உள்ளூர் நிறுவனத்தில் வேலை தேடவோ, உள்ளூர்ச் சம்பளம் பெறவோ பொதுவாக இதில் இடமில்லை. 2020-ஆம் ஆண்டு ஜூலையில் பார்படோஸும், ஆகஸ்ட்டில் எஸ்டோனியாவும் இத்தகைய திட்டங்களைத் தொடங்கின. பெருந்தொற்றால் சுற்றுலா வருவாயை இழந்த நாடுகள், பத்து நாள் வந்து போகும் பயணிக்குப் பதிலாகப் பத்து மாதம் தங்கிச் செலவிடும் பணியாளரை ஈர்க்க முனைந்ததே இதன் பின்னணி.

'நாடோடி' என்ற பெயர் கவர்ச்சியானது. நடைமுறையிலோ, நிலையான வருமானத்தையோ கணிசமான சேமிப்பையோ காட்ட இயலாத எவருக்கும் இந்த விசா கிடைப்பதில்லை.

சுற்றுலா விசாவில் வேலை செய்யலாமா?

பலரும் முதலில் எழுப்பும் கேள்வி இது. பெரும்பாலான நாடுகளில் சுற்றுலா அனுமதி, வேலை செய்வதற்கான உரிமையை அளிப்பதில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்கான குறுகிய கால விசாவில் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது. இந்தியர்கள் 30 நாள்கள் வரை விசா இன்றி வந்து செல்ல 2026 டிசம்பர் 31 வரை மலேசியா அளித்துள்ள சலுகையும் குறுகிய காலப் பயணத்துக்கானதே. வேலை செய்வதாக நுழைவிடத்தில் ஒருவர் வாய்தவறிக் கூறினாலும், அதிகாரி அவரைத் திருப்பி அனுப்ப அதுவே போதுமான காரணமாகலாம்.

மூன்று நாடுகள் இதில் தெளிவான நிலைப்பாட்டை எடுத்துள்ளன. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் பார்வையாளர் விசாவில் வருவோர் தங்கள் நாட்டு நிறுவனத்துக்கான பணியை இணையவழியில் தொடர அனுமதிக்கிறது. ஆனால் அப்பணியே பயணத்தின் முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது. கனடாவில் பார்வையாளராக ஆறு மாதம் வரை தங்கியிருக்கும் ஒருவர், கனடாவுக்கு வெளியேயுள்ள நிறுவனத்துக்குப் பணிபுரியலாம் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை அறிவித்துள்ளது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் பார்வையாளர் விசா விதிகளைத் தளர்த்தி இணையவழிப் பணிக்கு இடமளித்துள்ளது. அங்கு 90 நாள்களுக்கு மேல் தங்கிப் பணிபுரிவோருக்கு வரிப் பொறுப்பு ஏற்படக்கூடும். லண்டனிலோ டொரண்டோவிலோ மகன் அல்லது மகள் வீட்டில் சில மாதம் தங்கச் செல்வோருக்கு, தனி நாடோடி விசாவைக் காட்டிலும் இந்த வழி எளிதாக இருக்கலாம்.

தமிழர்கள் மிகுதியாக நாடும் சிங்கப்பூரில் இதற்கெனத் தனி விசா இல்லை. ஜப்பான் 2024 மார்ச் 31 அன்று ஆறு மாத விசா ஒன்றைத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு கோடி யென் வருமானம் கோரும் அத்திட்டத்துக்குத் தகுதியான நாடுகளின் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை.

தாய்லாந்து: சேமிப்பு இருந்தால் போதும்

'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா' 2024 ஜூலை 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டு செல்லுபடியாகும் இந்த விசாவில் பலமுறை சென்று வரலாம். ஒவ்வொரு முறையும் 180 நாள்கள் தங்கலாம். அந்நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பித்து அதை மேலும் ஒருமுறை 180 நாள்கள் நீட்டிக்கவும் வழியுண்டு.

விண்ணப்பதாரருக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். 5 லட்சம் பாட், அதாவது ஏறத்தாழ 13 முதல் 14 லட்சம் ரூபாய் இருப்பு உள்ளதை வங்கி அறிக்கை வழியே காட்ட வேண்டும். பணி ஒப்பந்தமோ, தனித்தொழில் செய்பவராயின் செய்து முடித்த பணிகளின் தொகுப்போ தேவை. அடிப்படைக் கட்டணம் 10,000 பாட் என்றாலும், வசூலிக்கப்படும் தொகை தூதரகத்துக்குத் தூதரகம் மாறுபடுகிறது. மும்பையில் தாய்லாந்தின் துணைத் தூதரகம் உள்ளது. விண்ணப்பம் அந்நாட்டு அரசின் மின்-விசா இணையதளம் வழியாகவே செலுத்தப்படுகிறது. துணைவரும் 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் உடன் செல்ல விண்ணப்பிக்கலாம்.

மாத வருமானத்துக்கு உச்சமான வரம்பு எதையும் இத்திட்டம் வைக்கவில்லை. மாதச் சம்பளம் டாலர் கணக்கில் சிறியதாக இருந்தும், பல ஆண்டுச் சேமிப்பு கையில் உள்ள மும்பைப் பணியாளருக்கு, பிற நாடுகளை விடத் தாய்லாந்து எட்டக்கூடியதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மலேசியா, அமீரகம், மோரீஷஸ்

மலேசியாவின் 'டி ரந்தாவ்' அனுமதி 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 3 முதல் 12 மாதங்கள் வரை தங்கலாம். மேலும் 12 மாதங்கள் புதுப்பிக்கலாம். தகவல் தொழில்நுட்பம், டிஜிட்டல் சந்தைப்படுத்தல் போன்ற துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். இது இன்றைய மதிப்பில் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். 2024-இல் பிற துறையினருக்கும் திட்டம் விரிவாக்கப்பட்டபோது, அவர்களுக்கான வரம்பு 60,000 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதாவது ஒரே சம்பளம் பெறும் நிரலாளருக்கும் கணக்காளருக்கும் வெவ்வேறு பதில் கிடைக்கும். தமிழ் புழங்கும் நாடு என்பதாலும், தமிழ்ப் பள்ளிகள் இருப்பதாலும் குடும்பத்துடன் செல்வோர் மலேசியாவை முதலில் எண்ணுவது இயல்பு. கட்டணம் முதன்மை விண்ணப்பதாரருக்கு 1,000 ரிங்கிட், உடன் வருவோருக்குத் தலா 500 ரிங்கிட்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் இணையவழிப் பணி விசா ஓராண்டுக்கு வழங்கப்படுகிறது. மாதம் 3,500 டாலர், அதாவது ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் வருமானமும், அந்நாட்டில் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடும் கட்டாயம். சொந்தமாகத் தொழில் நடத்துவோர் அதற்கான உரிமைச் சான்றைக் காட்டலாம். இந்திய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே பயன்படும் என்பதால், காப்பீட்டைத் தனியாக வாங்க நேரிடும்.

பெரிதும் பேசப்படாத ஆனால் கவனிக்கத்தக்க திட்டம் மோரீஷஸின் 'பிரீமியம் விசா'. மாதம் 1,500 டாலர் வருமானம் போதும். விசாவுக்குக் கட்டணம் இல்லை. ஓராண்டு தங்கலாம், புதுப்பிக்கவும் செய்யலாம். பணத்தாளிலேயே தமிழ் எழுத்துகளை அச்சிடும் நாடு அது. வெளிநாட்டு வருமானத்தில் மோரீஷஸுக்குள் கொண்டுவரப்படும் தொகைக்கே அங்கு வரி விதிக்கப்படுகிறது.

ஸ்பெயினில் நிலைமை வேறு. 2022 டிசம்பரில் நிறைவேறிய புத்தொழில் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரு மடங்கு வருமானம் வேண்டும். 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் இது மாதம் சுமார் 2,763 யூரோ. பட்டமோ மூன்றாண்டு அனுபவமோ தேவை. பணியளிக்கும் நிறுவனம் ஓராண்டாவது இயங்கியிருக்க வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்றும், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புக்கான சான்றும் கேட்கப்படுகின்றன. கடைசியாகக் குறிப்பிட்ட சான்றில்தான் இந்திய விண்ணப்பங்கள் சிக்குகின்றன. இரு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் இருந்தால் தாய்நாட்டுச் சான்றே போதும். இல்லையெனில் ஸ்பெயினின் அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இந்திய நிறுவனங்கள் எளிதில் இணங்குவதில்லை. மற்ற நான்கு நாடுகளின் திட்டங்களும் தங்கிச் செல்வதோடு முடிபவை. ஸ்பெயினில் கழிக்கும் ஆண்டுகள் மட்டும் பின்னர் நிரந்தரக் குடியிருப்புக் கோருவதற்குக் கணக்கில் சேரும்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

விசா எதுவாயினும், அதற்கு முன் மும்பைத் தமிழர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது தங்கள் பெயரை. தமிழ்நாட்டு வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் மட்டுமே உண்டு. குடும்பப் பெயர் இல்லை. மராட்டிய வழக்கிலோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தை பெயர் என மூன்று பகுதிகள். மகாராஷ்டிரக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் மும்பை பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலிலும் குடும்பப் பெயர் முதலில் வரும்.

எடுத்துக்காட்டாக, திருநெல்வேலியில் 'மு. செல்வம்' எனப் பிறப்புப் பதிவான ஒருவர், தாராவிப் பள்ளியில் சேர்ந்தபோது 'நாடார் செல்வம் முருகன்' ஆகியிருப்பார். வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு அட்டையில் கடைசிப் பெயர் கட்டாயம் என்பதால் 'செல்வம் முருகன்' என்றிருக்கும். வங்கிக் கணக்கில் முதலெழுத்து தொடரும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக விடப்பட்டிருக்கும். நால்வரும் ஒருவரே என்பது வீட்டாருக்குத் தெரியும், விசா அதிகாரிக்குத் தெரியாது.

எழுத்துக்கூட்டலும் இதே போன்றதுதான். கார்த்திக் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி' எழுத்தை அடுத்து 'ஹெச்' சேர்ப்பார்கள். மும்பைப் பள்ளி எழுத்தர் 'ஹெச்' இல்லாமல் எழுதியிருப்பார். சம்பளச் சீட்டில் ஒரு விதமும் கடவுச்சீட்டில் மற்றொரு விதமும் இருந்தால், அந்தச் சம்பளம் விண்ணப்பதாரருடையது என்பதையே நிரூபிக்க வேண்டிவரும்.

இது வெறும் அலுவலக நுணுக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பயணிகள் பார்வையாளர் விசாவில் நுழைய முடியாது என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் அறிவித்தபோது, மிகுதியாகப் பாதிக்கப்பட்டோரில் தென்னிந்தியர்கள் அடங்குவர். கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் உள்ள தந்தை பெயரை ஏற்கலாம் என்ற தளர்வு பின்னரே வந்தது.

சிறிய வேறுபாடுகளுக்கு, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரம் நோட்டரி முன்னிலையில் பெறப்படுகிறது. பெயரே மாறுபட்டிருந்தால் மகாராஷ்டிர அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு, அதன் அடிப்படையில் கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்வது உறுதியான வழி. 36 பக்கக் கடவுச்சீட்டுக்கான சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் முறையில் கூடுதலாக 2,000 ரூபாய். அரசு ஆவணங்களில் தாயின் பெயரையும் சேர்ப்பதை மகாராஷ்டிரம் 2024 மே 1 முதல் கட்டாயமாக்கியிருப்பதால், பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் அவர்களது ஆவணங்களையும் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

தமிழில் மட்டுமே உள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படும். மொழிபெயர்ப்பில் வரும் பெயர், கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் அமைய வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பல வாரத் தாமதத்தைத் தவிர்க்கும். ஸ்பெயின் போன்ற ஹேக் உடன்படிக்கை நாடுகளுக்கு, வெளியுறவு அமைச்சகத்தின் 'அப்போஸ்டில்' முத்திரை போதும். அமீரகத்துக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும்.

மித்தி ஆற்றின் மறுகரையில்

தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் குடியேறிய தாராவிக்கு மறுகரையில், பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 'விதேஷ் பவன்' அமைந்துள்ளது. 2017-இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தில் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம், வெளியுறவு அமைச்சகத்தின் கிளைச் செயலகம், குடிப்பெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் ஆகியவை ஒரே இடத்தில் இயங்குகின்றன.

கடைசி அலுவலகம் சிலருக்கு முக்கியமானது. பத்தாம் வகுப்பு தேறியதற்கான சான்றை அளிக்காமல் கடவுச்சீட்டு பெற்றவர்களுக்கு அதில் 'குடிப்பெயர்வுச் சோதனை தேவை' என்ற குறிப்பு இடம்பெறும். அவர்கள் வேலைக்காகச் செல்லும்போது முன் அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளில் ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவையும் உள்ளன. பட்டம் பெற்று இணையவழியில் பணிபுரியும் ஒருவர், படிக்கும் வயதில் எடுத்த பழைய கடவுச்சீட்டில் இக்குறிப்பு நீடிப்பதை விமான நிலையத்தில்தான் அறிகிறார் என்றால், அன்றைய பயணம் தடைபடலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி மறுவெளியீடு பெற்றால் இக்குறிப்பு நீங்கும்.

நிறுவனத்தின் கடிதமும் வரியும்

பணியளிக்கும் நிறுவனம் தரும் கடிதத்தில், ஊழியர் இந்த நாட்டிலிருந்து இந்தக் காலத்துக்கு இணையவழியில் பணிபுரிய அனுமதிக்கப்படுகிறார் என்ற வாசகம் வெளிப்படையாக இருக்க வேண்டும். 'வீட்டிலிருந்து பணி' என்ற பொதுவான சொல் போதாது. வாடிக்கையாளர் தரவுகளை இந்தியாவுக்கு வெளியே திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தக் கட்டுப்பாடும், ஊழியர் அமர்ந்திருக்கும் நாட்டில் நிறுவனத்துக்கே வரிப் பொறுப்பு ஏற்பட்டுவிடுமோ என்ற அச்சமும் நிறுவனங்கள் தயங்குவதற்கான காரணங்கள். அனுமதி பெறாமல் சென்று, கணினியின் இணைய முகவரி மூலம் கண்டுபிடிக்கப்பட்டால் வேலையே பறிபோகக்கூடும்.

வரியைப் பொறுத்தவரை, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். உலகெங்கும் ஈட்டும் வருமானத்துக்கு அவர் இங்கு வரி செலுத்த வேண்டும். ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும் பெரும்பாலோருக்கு இந்த நிலையே பொருந்தும். நீண்ட காலம் தங்குவோர் வசிக்காதவர் என்ற தகுதியைப் பெற்றாலும், சம்பளம் இந்திய வங்கிக் கணக்கில் வரவாவதால் அது இந்தியாவில் பெறப்பட்ட வருமானமா என்ற கேள்வி எழும். தனிநபர் வருமான வரி இல்லாத அமீரகத்தைத் தேர்ந்தெடுப்பதால் வரியிலிருந்து முற்றிலும் விடுபடலாம் என்பதும் சரியன்று. வேறெந்த நாட்டிலும் வரிப் பொறுப்பு இல்லாத இந்தியக் குடிமகனின் இந்தியா சார்ந்த வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், அவரை இந்தியாவில் வசிப்பவராகவே கருதும் விதி 2020-21 முதல் உள்ளது. மறுபக்கம், ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாள்கள் தங்குபவரைத் தாய்லாந்து தன் வரி வரம்புக்குள் கொண்டுவந்து, அந்நாட்டுக்குள் கொண்டுவரப்படும் வெளிநாட்டு வருமானத்தைக் கணக்கிடுகிறது. இரு நாடுகளிலும் நாள்களை எண்ணி வைப்பது பயணியின் பொறுப்பு.

செலவுக்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவோர், ரிசர்வ் வங்கியின் திட்டப்படி நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு, வாழ்க்கைச் செலவு போன்ற இனங்களில் 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கலின்போது இதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை கையிருப்பு குறையும்.

முகவர்களிடம் எச்சரிக்கை

டிஜிட்டல் நாடோடி விசாவுக்கு வேலைவாய்ப்பு முகவர் தேவையே இல்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கே அது வழங்கப்படுகிறது. எனவே 'வேலையும் விசாவும் சேர்த்துத் தருகிறோம்' என்று எவரேனும் கூறினால், அது வேறு ஏதோ ஒன்று. தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதியில் உள்ள இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டது குறித்து வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. 2025 மார்ச் 10, 11 தேதிகளில் மட்டும், அங்கிருந்து விடுவிக்கப்பட்ட 549 இந்தியர்கள் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து விமானப்படை விமானங்கள் மூலம் தாயகம் அழைத்து வரப்பட்டனர்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் 1983-ஆம் ஆண்டுக் குடிப்பெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் தவிர வேறு சேவைக் கட்டணம் பெற முடியாது. பதிவு எண்ணை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் சரிபார்க்கலாம். விசா இல்லாமலே தாய்லாந்தில் இறங்கலாம், அங்கிருந்து காரில் அழைத்துச் செல்ல ஆள் வருவார் என்று சொல்லப்பட்டால், அந்த விமானத்தில் ஏறாமல் விதேஷ் பவனில் உள்ள குடிப்பெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தை முதலில் அணுக வேண்டும்.